பிரேக்கிங்கில் எங்கே மாட்டிக்கொண்டீர்கள்? கோளாறு பார்த்துச் சரிசெய்யும் வழி

பிரேக்கிங் என்கிற, தரையில் இறங்கி ஆடும் நடனத்தைப் பழக ஆரம்பித்துச் சில மாதம் ஓடிவிட்டது, உடம்பு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்க மறுக்கிறது என்கிறவர்களுக்காக இது. சொல்லித்தரும் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆடிக்காட்டுகிறவருக்கு எல்லாமே வந்துவிடுகிறது. உங்களுக்கு ஏன் வரவில்லை என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

உங்கள் கோளாறு எதுவோ அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டத்தில் கோளாறு தெரிகிற இடம் ஒன்றாக இருக்கும், கிளம்புகிற இடம் வேறாக இருக்கும். விண்ட்மில் (மேல்முதுகில் உருண்டு, கால்களை வீசிச் சுற்றுவது) பாதியில் நிற்கும், காரணம் பேபி ஃப்ரீஸில் (முழங்கையை வயிற்றோரம் ஊன்றி அசையாமல் நிற்பது) கிடக்கும். மணிக்கட்டு வலிக்கும், தப்பு இடுப்பில் இருக்கும். வராத அசைவையே திரும்பத் திரும்பப் போட்டு உடம்பை நோகடிப்பதைவிட, அதற்கு முந்தின அசைவைச் சோதித்துப் பாருங்கள்.

மணிக்கட்டு வலிக்கிறது

முதலில் எந்த மாதிரி வலி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கீழே விழுந்து கையை ஊன்றிய பிறகு வந்த வலி என்றால், கட்டைவிரலை விறைப்பாக நீட்டுங்கள். அதன் அடியில், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி விழும். அந்தக் குழியை அழுத்தும்போது சுரீரென்று வலித்தால் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். ஸ்கஃபாய்ட் என்ற சிறிய எலும்பு அங்கேதான் இருக்கிறது. அதில் விழும் விரிசல் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. வலி போகவில்லை என்றால் பத்து, பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே போய்விடும். “வீங்கவில்லையே, சுளுக்குதான்” என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

விழவில்லை, ஆனால் கையை ஊன்றி மடக்கும்போதெல்லாம் புறங்கைப் பக்கம் மந்தமாக வலிக்கிறது என்றால் அது சுமை தப்பாக இறங்குவதால் வருவது. ஒரு சோதனை: மல்லாந்த நண்டு போல இரு கை, இரு பாதம் ஊன்றி உட்காருங்கள். இடுப்பு தரையைத் தொடக் கூடாது. இப்போது ஒரு கையை எடுங்கள். உடனே சாய்கிறீர்களா? அப்படியானால் உங்கள் எடை பாதத்தில் இல்லை, கையில்தான் தொங்குகிறது. ஃபுட்வொர்க்கில் (தரையில் கை ஊன்றிக் கால்களை நகர்த்தி ஆடுவது) கை ஒரு துணைதான், உடம்பைத் தாங்க வேண்டியது கால். குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நில்லுங்கள், இடுப்பைக் குதிகாலுக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். மணிக்கட்டின் பாதிச் சுமை உடனே குறையும்.

மீதிச் சுமை விரல் சமாசாரம். உள்ளங்கையைத் தட்டையாக அப்பாமல், விரல்களை அகலமாக விரித்து, நுனிகளால் தரையைக் கவ்விப் பிடியுங்கள். கை கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும். தொடங்குவதற்கு முன் மண்டிபோட்டு, விரல்களை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று வைத்து, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டி ஐந்து நிமிடம் சூடேற்றுங்கள். மறுநாள் காலையிலும் வலி இருந்தால் அன்றைக்குக் கை ஊன்றும் வேலையே வேண்டாம், நின்றபடி ஆடும் டாப்ராக் மட்டும் போதும்.

முன்கைத் தசை பிடித்துக்கொள்வதும், உள்ளங்கை காய்த்துப்போவதும் கோளாறில் சேராது.

சிக்ஸ் ஸ்டெப் தடுமாறுகிறது, எண்ணிக்கை தப்புகிறது

சிக்ஸ் ஸ்டெப் என்பது கை ஊன்றி, ஆறு காலடியில் ஒரு வட்டம் சுற்றிவரும் ஃபுட்வொர்க். அந்த ஆறு எட்டையும் (காலடியையும்) தனித்தனியாக மனப்பாடம் செய்தால் தப்பத்தான் செய்யும். அதை இப்படிப் பாருங்கள்: ஆறாவது எட்டில் தண்டால் எடுப்பதுபோலக் குப்புற இருப்பீர்கள். மூன்றாவதில் வயிறு மேலே பார்க்க, இரு பாதமும் ஊன்றிக் குந்தியிருப்பீர்கள். இரண்டாவதும் நான்காவதும் கால் பின்னிக்கொள்ளும் இடங்கள். முதலாவதின் மறுபக்கம் ஐந்தாவது. ஆக நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது பாதி வட்டம்தான், மீதி அதன் மறுபாதி.

பின்னும் இடத்தில்தான் முக்கால்வாசிப் பேருக்கு உதைக்கிறது. பின்னால் வரும் கால், ஊன்றிய காலின் முழங்காலுக்குப் பின்புறம் ஒட்டி வர வேண்டும். ஒரு அடி தள்ளி வைத்தாலும் இடுப்பு பின்னால் சரியும், எடை கைக்குப் போகும், அடுத்த எட்டுக்குக் கால் எழும்பாது. “மூன்றாவது எட்டு வரவில்லை” என்று சொல்கிறவர்களின் இரண்டாவது எட்டைப் பாருங்கள், அங்கேதான் பிசகியிருக்கும்.

வழி: பாட்டே இல்லாமல், ஒவ்வொரு எட்டிலும் ஒரு முழு மூச்சு நில்லுங்கள். நிற்க முடியாத எட்டு எதுவோ அதுதான் பழுது. எல்லா எட்டிலும் நிற்க முடிந்த பிறகே வேகம். தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, பாதம் கோட்டைத் தொட்டுக்கொண்டே சுற்றுகிறதா என்று பாருங்கள். பலருக்கு வட்டம் முட்டையாகிவிடும், பழகிய பக்கம் நீண்டும் மறுபக்கம் குறுகியும் இருக்கும். அப்புறம், எதிர்த் திசையிலும் பழகுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் பின்னாளில் ஒரு அசைவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது திசை மாற்றத் தெரிந்தவருக்குக் கிடைக்கும் வசதி மற்றவருக்குக் கிடைக்காது.

அசைவு சரியாக இருக்கிறது, பாட்டோடு சேரவில்லை

இது காலின் கோளாறு இல்லை, காதின் கோளாறு.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ கட்டடத்தில் நடந்த ஒரு விருந்தில் டிஜே கூல் ஹெர்க் பாட்டுப் போட்டார். பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் தனியாக ஓடும் பகுதிக்காகத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு அந்தச் சில நொடிப் பகுதியையே மாற்றி மாற்றி ஓட்டி நீளமாக்கினார். அந்தப் பகுதிக்குப் பெயர் பிரேக். அதில் ஆடியவர்கள் பி-பாய், பி-கேர்ள். பிரேக் வரும்போது தரையில் இறங்கு என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. எனவே பாட்டில் பிரேக் எங்கே என்று காதுக்குத் தெரியாதவரை, நீங்கள் எப்போது இறங்கினாலும் அது ஒட்டாமல்தான் நிற்கும்.

சினிமாப் பாட்டுக்கு ஆடிப் பழகியவர்களுக்கு இதில் தனிச் சிக்கல். அங்கே பாட்டு முன்பே தெரியும், “ஃபைவ் சிக்ஸ் செவன் எய்ட்” சொல்லி எட்டு எட்டாக வைத்த அசைவு. இங்கே டிஜே என்ன போடுவார் என்பது போட்ட பிறகுதான் தெரியும். மனப்பாடக் கோர்வை இரண்டாவது பாட்டிலேயே கவிழ்ந்துவிடும்.

ஒரு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். பழைய ஃபங்க் இசையைப் போட்டுவிட்டு, நான்கு நான்காக எண்ணும்போது இரண்டாவது, நான்காவது அடியில் வரும் ஸ்னேர் டிரம் சத்தத்துக்குக் கை தட்டியபடி அறைக்குள் நடங்கள். பிறகு கைதட்டலை விட்டுவிட்டு, அதே அடியில் முழங்காலை லேசாக மடக்குங்கள். அதற்குப் பிறகுதான் டாப்ராக். பேட்டிலில் (எதிரெதிரே நின்று ஆடும் போட்டியில்) ஓடும் பாட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 110 முதல் 130 அடி வரை போகும். முதலில் 100க்குக் கீழே உள்ளதில் பழகுங்கள், வேகம் தானாக வரும். கண்ணாடி முன்னால் நிற்க வேண்டாம். கண்ணாடியைப் பார்க்கிறவர் பாட்டைக் கேட்பதில்லை.

வகுப்பில் ரோபோ நடையும் கை அலையும்தான் சொல்லித்தருகிறார்கள்

அது பாப்பிங். 1970களில் கலிஃபோர்னியாவில் வளர்ந்த வேறு ஆட்டம், நம் ஊரில் இரண்டையும் ஒரே பெயரில் அழைத்துவிட்டார்கள். நல்ல ஆட்டம்தான். ஆனால் தரையில் ஆடும் பிரேக்கிங் வேண்டும் என்றால் வேறு ஆசிரியரைத் தேடுங்கள், அதே வகுப்பில் காத்திருந்து பயனில்லை.

பேபி ஃப்ரீஸ் இரண்டு நொடிகூட நிற்கவில்லை

எந்தப் பக்கம் விழுகிறீர்கள் என்பதை வைத்தே காரணம் சொல்லிவிடலாம்.

முகம் முன்னால் போய்த் தரையில் மோதுகிறது என்றால், கைகளும் தலையும் ஒரே கோட்டில் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து முக்கோணமாக அமைய வேண்டும், தலை சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் லேசாகத் தொட்டபடி. தலையில் எடையை இறக்காதீர்கள், அது சாய்ந்துகொள்ளும் மூன்றாவது கால் மட்டுமே.

ஊன்றிய முழங்கை வயிற்றிலிருந்து நழுவுகிறது என்றால் இடம் தப்பு. விலா எலும்பு முடிந்து இடுப்பெலும்பு தொடங்கும் முன், பக்கவாட்டில் ஒரு மெத்தென்ற பள்ளம் இருக்கிறதே, அங்கே போக வேண்டும். வயிற்றின் நடுவில் குத்தினால் மூச்சு முட்டும், விலாவில் குத்தினால் ஒரு வாரம் சிரிக்க முடியாது. சரியான இடம் கிடைத்ததா என்பதற்கு அடையாளம், கையில் அதிகப் பலம் போடாமலே உடம்பு மேலே உட்கார்ந்திருக்கும். வியர்வையில் ஊறிய டி-ஷர்ட்டும் முழங்கையை வழுக்கிவிடும், மாற்றிப் பாருங்கள்.

கால் தொங்கிக் கீழே வருகிறது என்றால், மற்றக் கையின் முழங்கைமேல் முழங்கால் ஏறவே இல்லை. வயிற்றை இறுக்கி, முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவந்தால்தான் ஏறும்.

இரண்டு பக்கமும் பத்து நொடி அசையாமல் நிற்கும்வரை விண்ட்மில் பக்கம் போகாதீர்கள். போவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

விண்ட்மில் ஒரு சுற்றுகூட முடியவில்லை

எல்லோரும் வந்து மாட்டும் இடம் இது. இதில் நான்கு விதமான தோல்வி உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

மல்லாந்த நிலையில் வந்து அப்படியே நின்றுவிடுகிறது என்றால் இடுப்பு தரையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். விண்ட்மில்லில் தரையைத் தொட வேண்டியது ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை உள்ள மேல்முதுகு மட்டும்தான். கீழ்முதுகு பட்டால் பிரேக் பிடித்த மாதிரி நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: பயிற்சி முடிந்ததும் டி-ஷர்ட்டைக் கழற்றி முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். அழுக்குக் கோடு இரண்டு தோள்பட்டைக்கும் குறுக்கே, பட்டையாக விழுந்திருந்தால் சரி. இடுப்புவரை இறங்கியிருந்தால் இடுப்பு விழுகிறது. இடுப்பு விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் கால். பயத்தில் முழங்காலை மடக்கிச் சேர்த்துக்கொள்கிறோம், கால் மடங்கினால் இடுப்பைத் தூக்கிப் பிடிக்க எதிர்ச்சுமை இல்லாமல் போகிறது. மல்லாந்து படுத்து, கால்களை நீட்டி அகலமாக விரித்து, இடுப்பைத் தூக்கியபடி ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு உருண்டு வாருங்கள். சுற்ற வேண்டாம், உருண்டால் போதும். இது வந்துவிட்டாலே பாதி விண்ட்மில்.

மல்லாந்ததிலிருந்து குப்புறத் திரும்ப முடியவில்லை என்றால், காலை வானத்தைப் பார்த்து உதைக்கிறீர்களா என்று கவனியுங்கள். கால் மேலே போனால் உடம்பும் மேலே எழும்பி அதே இடத்தில் விழும். கால் அகலமாக, தரைக்குப் பக்கத்தில் வீசிப் போக வேண்டும். கைகளையும் சீக்கிரம் வையுங்கள். இடுப்பு திரும்பிய பிறகு கையைத் தேடினால் நேரமாகிவிடும், இடுப்பு திரும்புவதற்கு முன்பே இரு கையும் தரையில் இருக்க வேண்டும். முகம் மோதிவிடும் என்ற பயமும் இங்கேதான் வரும். கை முன்னால் வந்துவிட்டால் அந்தப் பயம் தானாகப் போய்விடும்.

குப்புற வந்ததும் இடுப்பெலும்பு டம் என்று தரையில் அடிக்கிறது. இது விண்ட்மில் கோளாறே இல்லை. முழங்கை அதன் பள்ளத்துக்குத் திரும்பப் போகவில்லை, அவ்வளவுதான். பேபி ஃப்ரீஸ் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். அதோடு, இரு கையிலும் உடம்பைத் தாங்கிக் கால் தரையில் படாமல் நிற்கும் டர்ட்டிலையும் சேர்த்துப் பழகுங்கள். அதில் கையை மாற்றி மாற்றி வைத்து ஒரு முழு வட்டம் நடக்க முடிந்தவர்களுக்கு இடுப்பு அடிபடுவது அரிது.

நான்காவது, தோள் குமிழில் கன்றிப்போன தடம். மேலிருந்து பொத்தென்று விழுவதால் வருவது இது. ஊன்றிய கையை வெடுக்கென்று எடுக்காமல், தரையை ஒட்டி உள்ளே சறுக்கவிட்டு, முன்கை, மேற்கை, தோள், முதுகு என்று வரிசையாக இறங்குங்கள். வழவழப்பான முழுக்கை டிராக் சூட் மேல்சட்டை போட்டால் பழகும் காலத்தில் தோல் உரியாமல் தப்பிக்கலாம்.

முதல் முழுச் சுற்று வந்த நாளில் உற்சாகத்தில் இருபது முப்பது போட்டுத் தள்ளுவார்கள், மறுநாள் எழுந்திருக்க முடியாது. மூன்று நான்கு நல்ல சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். களைத்த பிறகு போடும் சுற்றில் உடம்பு தப்பான வழியைத்தான் பழகிக்கொள்ளும்.

தரை ஒட்டுகிறது, அல்லது வழுக்கிவிடுகிறது

மொட்டை மாடித் தட்டோடும் சொரசொரப்பான சிமெண்டும் டாப்ராக்குக்கு மட்டும்தான் சரி, சுற்றினால் தோல் போகும். டைல்ஸ் வழவழப்பாக இருக்கும், ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்து நிமிடத்தில் வியர்வை சொட்டி, சுற்ற வேண்டிய முதுகு ஒட்டும், ஊன்ற வேண்டிய கை வழுக்கும். பக்கத்தில் ஒரு துண்டு வைத்து அவ்வப்போது துடையுங்கள். பவுடர் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அது கை, கால், முதுகு என்று பேதம் பார்க்காமல் எல்லாவற்றையும் வழுக்கிவிடும்.

யோகா மேட் உதவாது, அது பிடித்துக்கொள்வதற்கென்றே செய்தது. ஃபிரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, மடிப்புகளில் பிரவுன் டேப் ஒட்டி விரித்தால் ஆரம்பத்துக்கு அதுவே போதும். கையில் காசு இருந்தால், தரைக்கு ஒட்டும் வினைல் விரிப்பை வெட்டி வாங்கிக்கொள்ளலாம். சுருட்டி ஓரமாக வைக்கலாம், வீட்டில் திட்டும் குறையும்.

ஹெட்ஸ்பின் (தலைகீழாக நின்று தலையில் சுற்றுவது) போட்டால் கழுத்து வலி, முடி கொட்டுகிறது

கழுத்திலிருந்து கைக்கு மின்சாரம் பாய்வதுபோலச் சுரீர் என்றாலோ, விரல் மரத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதில் சமரசம் இல்லை.

வெறும் கழுத்துப் பிடிப்பு என்றால், தலைகீழாக அசையாமல் நிற்கத் தெரியாமலே சுற்ற ஆரம்பித்திருப்பீர்கள். கைகளின் துணையோடு ஒரு நிமிடம் ஆடாமல் நிற்க வரட்டும். பிறகு கையால் தள்ளிக் கால்வட்டம், அரைவட்டம் என்று போகலாம். குல்லா கட்டாயம். குல்லா போட்டாலும், உச்சந்தலையில் முடி உதிர்வதும் கட்டி வருவதும் ஆண்டுக்கணக்கில் ஹெட்ஸ்பின் ஆடுகிறவர்களிடம் மருத்துவர்கள் பதிவு செய்த விஷயங்கள். டென்மார்க்கில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆடிய ஒருவருக்கு உச்சியில் வளர்ந்த கட்டியை அறுவை செய்து எடுத்தது 2024ல் மருத்துவ இதழில் வெளியானது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த அசைவே வேண்டாம் என்பது என் கட்சி. ஆட்டத்தில் வேறு எவ்வளவோ இருக்கிறது.

மாசக்கணக்கில் அதே இடத்தில் நிற்கிறேன்

ஃபோனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து, இடுப்பு உயரத்தில் வைத்து ஒரு ரவுண்டு (ஒரு முறை தொடர்ந்து ஆடுவது) ஆடிப் படம் எடுங்கள். நீங்கள் செய்வதாக நினைப்பதற்கும் செய்வதற்கும் உள்ள தூரம் தெரிந்துவிடும். போன மாதத்துப் படத்தோடு ஒப்பிடுங்கள், அடுத்தவர் வீடியோவோடு வேண்டாம்.

பிறகு உங்கள் பயிற்சி நேரத்தைக் கணக்குப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் பவர் மூவ் (விண்ட்மில், ஹெட்ஸ்பின் போலச் சுற்றும் அசைவுகள்) என்றால் தேக்கம் வராமல் என்ன செய்யும்? வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் நான் சொல்லும் பங்கீடு இது: சூடேற்ற பதினைந்து நிமிடம், டாப்ராக் பத்து, ஃபுட்வொர்க் பதினைந்து, ஃப்ரீஸ் அல்லது பவர் மூவில் ஏதாவது ஒன்று மட்டும் பதினைந்து, கடைசி ஐந்தில் நிறுத்தாமல் முழு ரவுண்டுகள். கடைசி ஐந்தைத்தான் எல்லோரும் வெட்டிவிடுகிறார்கள்.

பவர் மூவ் பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஒரு கணக்கு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நடுவர்கள் பார்த்தவை ஐந்து: நுட்பம், அசைவுகளின் வகை, பிசிறில்லாமல் செய்வது, இசையோடு சேர்வது, தனித்தன்மை. ஒவ்வொன்றுக்கும் 20 சதவீதம். அங்கே தங்கம் வென்ற ஜப்பானின் அமி, கனடாவின் ஃபில் விசார்ட் இருவரின் ரவுண்டுகளையும் சத்தத்தைக் குறைத்து ஒருமுறை, கூட்டி ஒருமுறை பாருங்கள். ஒரு அசைவிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். உங்கள் தேக்கம் அநேகமாக அசைவுகளில் இல்லை, அவற்றுக்கு நடுவில் இருக்கிறது.

பயிற்சியில் வருகிறது, வட்டத்துக்குள் போனால் வரவில்லை

சைஃபரில், அதாவது ஆடுகிறவர்கள் சுற்றி நிற்கும் வட்டத்துக்குள், உறைந்துபோவதற்குக் காரணம் கூச்சம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. மீதிக் காரணம், பயிற்சியில் நீங்கள் ஒருபோதும் முப்பது நொடி தொடர்ந்து ஆடியதில்லை. ஒரு அசைவு, தண்ணீர், இன்னொரு அசைவு, ஃபோன் என்று போனால் உடம்புக்கு மூச்சுவாங்கியபடி யோசிக்கத் தெரியாது. நண்பரை ஏதாவது ஒரு பாட்டைப் போடச் சொல்லி, தெரியாத பாட்டுக்கு ஒரு ரவுண்டு ஆடுங்கள். டாப்ராக்கில் தொடங்கி, பிரேக்கில் இறங்கி, ஒரு ஃப்ரீஸில் முடிக்க வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது. தவறி விழுந்தால் விழுந்த நிலையிலேயே ஒரு நொடி அசையாமல் இருங்கள், பார்க்கிறவர்களுக்கு அதுவும் ஃப்ரீஸ்தான்.

முதல் சைஃபருக்குப் புது அசைவு எதையும் எடுத்துப் போகாதீர்கள். தூக்கத்தில் எழுப்பினாலும் வருகிற ஐந்தாறு போதும். உள்ளே ஒருவர் ஆடும்போது குறுக்கே நுழைய வேண்டாம், அவர் முடித்து வெளியேறும்வரை ஓரத்தில் நின்றபடியே முழங்காலில் தாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் எழுந்ததும் ஸ்னேர் அடியில் முதல் காலை வையுங்கள்.